பன்னிரண்டு திருகாணிகளின் காவலருக்கு

திருகாணி இன்றேல் ஸ்டவ் இல்லை, ஸ்டவ் இன்றேல் தென்னாட்டில் காப்பியே இல்லை என முழங்கி, இராஜபாளையத்துச் சீமெண்ணெய் ஸ்டவ் தொழிற்கூடத்தை இத்தனை ஆண்டுகள் இறுக்கிப் பிடித்த பெருந்தகையே, இன்று பணி ஓய்வு பெறும் போர்மன் ஐயாதுரை அண்ணாச்சி அவர்களே, வணக்கம்.

ஸ்டவ் ஒன்றுக்குத் திருகாணி பன்னிரண்டு என்பது தங்கள் ஆணை. அவற்றை நாளெல்லாம் முறுக்கிய நாங்கள், மாலையில் சுந்தரபாண்டியம் பஸ்ஸில் கம்பியைப் பிடிக்கவும் கை வராமல் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்தபடி வீடு சேர்ந்தோம். தலை பின்னவும் கை எழாத நம் வெள்ளத்தாய், “வார பொங்கலோட நின்னுக்கிடுதேன்” என்று சொல்லிவிட்டார். தாங்கள் பெரிதும் வருந்தினீர்கள். திருகாணியைக் குறைக்கவில்லை.

சித்திரையில், டிப்ளமோ முடித்து வந்த ராக்கப்பன் மாதிரி ஸ்டவ் ஒன்று செய்தார். தகட்டின் ஓரத்தையே நாக்குப்போல் நீட்டி, துளையில் செருகி மடக்கினால் போதும், திருகாணியே வேண்டாம். முதலாளியோ, “அண்ணாச்சி சரின்னா சரி” என்று ஒதுங்கிக்கொண்டார். அதைக் கையில் ஏந்தித் தாங்கள் அருளிய வாசகம் இன்றும் கூடமெங்கும் உலவுகிறது.

“ஏலே, இது ஸ்டவ்வா, தீப்பெட்டியா? தீப்பெட்டிக்குக்கூடப் பசை உண்டுமேலே.”

“செத்த நேரம் எரிச்சுப் பாருங்க, அண்ணாச்சி.”

“எரிக்கேன். எங்க விட்டுப்போகுதுன்னு காட்டுதேன்.”

குற்றம் காண அதை ஸ்ரீவில்லிபுத்தூரிலுள்ள தங்கள் இல்லத்திற்கு எடுத்துச் சென்றீர்கள். ஆடி போயிற்று, ஆவணி போயிற்று, ஸ்டவ் திரும்பவில்லை. கேட்கும்போதெல்லாம், “சோதனை நடக்கு” என்றீர்கள். ஐப்பசி மழையில் நனைந்துகொண்டு விசாரிக்க வந்த வெள்ளத்தாய்க்குத் தங்கள் இல்லாள் பரிபூரணம் அம்மையார் அந்த ஸ்டவ்விலேயே காப்பி போட்டுக் கொடுத்து, “பழைய ஸ்டவ்வ அவிய பரண்ல ஏத்திட்டாவ” என்றார். தாங்கள் அப்போது செய்தித்தாளைச் சற்று உயர்த்திப் பிடித்துக்கொண்டீர்களாம்.

உடல் தளராமல், உறக்கம் கெடாமல், காப்பி ஆறாமல் தாங்கள் நெடுங்காலம் நலமாயிருக்க வேண்டுகிறோம். கைதட்டல் மெதுவாகக் கேட்டால் பொறுத்தருள்க. மணிக்கட்டு இன்னும் தேறவில்லை.

முடிக்குமுன் ஒன்று. நேற்றுக் காலை சங்கு ஊதுமுன்னே நாங்கள் வந்துவிட்டோம். வெள்ளத்தாயின் மேசையில், யாரிடமும் சொல்லாமல் தாங்களே நாக்கு வைத்து வெட்டிய தகடுகள் குவிந்திருந்தன. தாங்கள் மூக்குக்கண்ணாடியோடு குனிந்து, நாக்குகளை ஒவ்வொன்றாய்ச் செருகி மடக்கிக்கொண்டிருந்தீர்கள். எங்களைக் கண்டும் நிமிரவில்லை. “அந்தப் பிள்ளை பொங்கலுக்குப் பொறவும் வரட்டும்” என்று தகட்டிடம் சொல்லிவிட்டு, அடுத்ததை எடுத்தீர்கள்.

இங்ஙனம்,
ஸ்டவ் பூட்டும் பிரிவுத் தொழிலாளர்கள்
இராஜபாளையம், 1989 டிசம்பர் இறுதி நாள்