வெதுவெதுப்பான பற்கள்

கோழிக்குப் பல் கிடையாது, பாப்பா. பல் கட்டியே பிழைத்தவன் நான். ஆனாலும் அந்த ஜீவன்கள்மேல் எனக்கு எந்த வருத்தமும் இருந்ததில்லை. உலகத்தில் எல்லோரும் கோழியாகப் பிறந்திருந்தால் உன்னை யார் படிக்க வைத்திருப்பார்கள் என்று அம்மாவிடம் ஒருமுறை கேட்டேன். அவள் சிரிக்கவில்லை. என் நகைச்சுவைக்கு வீட்டில் எப்போதும் அவ்வளவுதான் கிராக்கி.

நீ ஒரு கேள்வி கேட்டிருக்கிறாய். அம்மா ஏன் பல் இல்லாமல் வந்து இறங்கினாள் என்று. அவளைக் கேட்டால் "உங்கப்பாவையே கேளு" என்கிறாளாம். போனில் சொல்லிவிடலாம் என்றுதான் பார்த்தேன். நீ "சொல்லுப்பா" என்றதும் இங்கே மழை எப்படி என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். அதனால் எழுதுகிறேன். எழுதும்போது யாரும் குறுக்கே அழமாட்டார்கள் என்பது ஒரு வசதி.

பல்லிலிருந்தே தொடங்குகிறேன். அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து மேல்வரிசை போனது உனக்கு நினைவிருக்கும். அந்த மேல்வரிசைப் பல்செட்டை நான்தான் செய்தேன். எத்தனையோ பல் டாக்டர்களுக்குச் செய்து கொடுத்திருக்கிறேன், சொந்த வீட்டுக்கு அதுதான் முதல் ஆர்டர். எங்கள் தொழிலில் ஒரு சூட்சுமம் உண்டு. எல்லாப் பல்லும் அணிவகுப்பு மாதிரி நேராக நின்றால் பொய்ப்பல் என்று பார்த்தவுடன் தெரிந்துவிடும். எங்கேயாவது ஒரு சின்னக் கோணல் வேண்டும். நான் எப்போதும் இடது கோரைப்பல்லைத் துளி உள்பக்கமாகத் திருப்பி வைப்பேன். வேறு யாரும் அப்படி வைக்கமாட்டார்கள். தெருவில் யாராவது சிரித்தால் போதும், என் கைவேலையா இல்லையா என்று சொல்லிவிடுவேன்.

அம்மாவுக்கு மட்டும் அது பிடிக்கவில்லை. "இந்த ஒரு பல்லு நாக்குல இடிச்சுக்கிட்டே இருக்குங்க" என்பாள்.

"நான் பக்கத்துல இருக்கேன்னு ஞாபகப்படுத்துது" என்பேன்.

"அதுக்குத்தான் குறட்டை இருக்கே" என்பாள்.

நீ கல்யாணமாகிப் போனபிறகு அவள் கோழி வளர்க்க ஆரம்பித்தாள். நாலு கோழி. ஓயாமல் வாதாடிக்கொண்டிருந்தது வக்கீல். நடக்கும்போது மண் அதிர்ந்தது குண்டம்மா. மற்றவர்களை வரிசையில் நிறுத்தப் பார்த்தது டீச்சர். கடைசியாக வந்தது சின்னவள். பின்கட்டில் அவள் அவற்றோடு பேசுவது முன்னறையில் எனக்குக் கேட்கும். நாள் முழுக்க பிளாஸ்டர் தூசியில் உட்கார்ந்து ஊரார் வாயைச் செய்துகொண்டிருப்பேன். அந்தப் பேச்சு கேட்டுக்கொண்டிருந்தால் கை ஒழுங்காக ஓடும். நின்றுவிட்டால் எழுந்துபோய் எட்டிப் பார்ப்பேன். இதை அவளிடம் சொன்னதில்லை. சொல்லவேண்டிய விஷயமாகத் தோன்றவில்லை.

பிறகுதான் நீ போன் செய்தாய். டாக்டர் உன்னைக் கட்டிலை விட்டு இறங்கவே கூடாது என்று சொல்லிவிட்டார், மாப்பிள்ளை கப்பலில் இருக்கிறார், அம்மா வந்தால் தேவலை என்றாய். குழந்தை பிறந்தபிறகும் அம்மா உன்னோடேயே இருந்துவிடட்டும் என்றும் சொன்னாய். "அப்பாவும் வரட்டும்" என்று ஒரு பேச்சுக்குச் சொன்னாய். உன் வீட்டில் எனக்கு எங்கே வேலை மேஜை போடுவாய். நான் வாய்விட்டுச் சிரித்து, "முதல்ல அம்மா வரட்டும்" என்றேன். அம்மா அன்றே பஸ்ஸுக்குப் பதிவு செய்துவிட்டாள். எனக்கு அரிசி எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்று கற்றுக்கொடுத்தாள். நான் பாத்திரத்தைப் பிடித்த அழகைப் பார்த்துவிட்டு, "உங்கள நம்பி வீட்ட விட்டுட்டுப் போறதுக்கு கோழிங்களே தேவலாம்" என்றாள்.

புறப்பட இரண்டு நாள் இருக்கும்போது காட்டுப்பூனை வந்தது. இது நிஜமான பூனை. நான் சம்பந்தப்படவில்லை. பின்னால் இருக்கும் புதர்க்காட்டிலிருந்து வேலி தாண்டி வந்து வக்கீலைக் கழுத்தில் கவ்வியது. அம்மா தட்டைத் தட்டிக்கொண்டு ஓடியதில் போட்டுவிட்டு ஓடிவிட்டது. வக்கீலுக்கு உயிர் இல்லை. அம்மா அதை மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். "என்னங்க, ஏதாவது பண்ணுங்க" என்றாள்.

கல்யாணமான நாளிலிருந்து அவள் என்னிடம் அப்படிக் கேட்டதே இல்லை. குழாய் ஒழுகினால்கூட ஆளைக் கூப்பிடுவாளே தவிர என்னைக் கூப்பிடமாட்டாள், காரணமும் உண்டு.

பயணம் ஒரு வாரம் தள்ளிப்போனது. நாங்கள் இருவரும் கூண்டு கட்டினோம். பூனை தோண்டி வராமலிருக்கக் கம்பி வலையை முழங்கை ஆழத்துக்குப் புதைத்தோம். மேலேயும் வலை. கதவுக்கு இரண்டு தாழ்ப்பாள். அவள் கம்பியை இழுத்துப் பிடிப்பாள், நான் முறுக்குவேன். என் விரலில் கீறினால் ஊதிவிடுவாள். வேலை முடிந்து படிக்கட்டில் உட்கார்ந்து ஒரே டம்ளரில் மாற்றி மாற்றி டீ குடித்தோம். புதுசாகக் கல்யாணமானவர்கள் மாதிரி என்று சொல்ல வந்தேன், ஆனால் அப்போது இவ்வளவு பேசிக்கொண்டதில்லை.

கூண்டு மிகவும் நன்றாக அமைந்துவிட்டது. நான் செய்ததில் உருப்படியாக நின்ற ஒரே தச்சுவேலை அது. எறும்பு போகவே அனுமதி கேட்கவேண்டும். அம்மா கம்பியை ஆட்டிப் பார்த்தாள். "இனி நிம்மதியா கிளம்பலாம்" என்றாள்.

வக்கீலைப் புதைப்பதற்கு முன் நான் அதன் கழுத்துக் காயத்தில் மெழுகை அழுத்தி அச்சு எடுத்து வைத்திருந்தேன். சத்தியமாக அப்போது ஒரு திட்டமும் இல்லை. தொழில்காரனுக்கு ஒரு கடியைப் பார்த்தால் கை சும்மா இருக்காது, அவ்வளவுதான். அவள் மறுபடி பதிவு செய்த அன்று அந்த அச்சை எடுத்து மேஜையில் வைத்தேன். மேல்தாடை, கீழ்த்தாடை இரண்டும் செய்தேன். ஈறுக்கு ரோஸ் நிறம் கொடுத்தேன். தேவையில்லைதான், ஆனால் அரைகுறையாக விட மனம் வரவில்லை. பழைய இடுக்கி ஒன்றின் இரண்டு வாயிலும் பொருத்தினேன். பார்க்க அழகாக இருந்தது.

அம்மா பால் வாங்கப் போயிருந்த சாயங்காலம் குண்டம்மாவைக் கூப்பிட்டேன். என் கையில் தீனி தின்று பழகியதால் தானாகவே வந்து மடியில் ஏறியது. பற்களை முதலில் வெந்நீரில் வைத்திருந்தேன். புதுசாகப் பல் மாட்ட வருகிறவர்களுக்கும் அப்படித்தான் செய்வேன், சில்லென்று பட்டால் உடம்பு தூக்கிப்போடும். குண்டம்மாவுக்கு ஒன்றும் தெரிந்திருக்காது. நான் அதன் தலையைத் தடவிக்கொண்டேதான் இருந்தேன். பிறகு வலையின் ஒரு மூலையைக் கடப்பாரையால் நெம்பித் தூக்கி, மண்ணைப் பறித்துவிட்டு, கை கழுவிக்கொண்டு மேஜைக்கு வந்துவிட்டேன்.

இதைக் கொலை என்று நீ சொல்லலாம். நான் மறுக்கமாட்டேன். எனக்கு என்னவோ, இரண்டைக் காப்பாற்றிக்கொள்ள ஒன்றைக் கொடுத்த மாதிரி இருந்தது. அவள் போயிருந்தால் என் கையில் அத்தனையும் பட்டினியில்தான் செத்திருக்கும்.

பக்கத்து வீட்டு லாரி டிரைவரின் நாயை உனக்குத் தெரியாது. வேலை எதுவும் செய்யாமல் எல்லோரையும் பார்த்துக் குரைத்ததால் அதற்கு மேனேஜர் என்று பெயர். குண்டம்மா செத்துக்கிடந்ததைப் பார்த்து அம்மா மறுபடி பயணத்தைத் தள்ளிப்போட்ட அன்று, டிரைவர் வந்து குனிந்து வலையைப் பார்த்தார். "அக்கா, இந்தக் கம்பியத் தூக்குற தெம்பு பூனைக்கு ஏது. எங்க மேனேஜராத்தான் இருக்கும். மன்னிச்சிருங்க" என்றார். அம்மா, "சேச்சே, அது வாயில்லா ஜீவன், அது மேல ஏன் பழி போடறீங்க" என்றாள். அவர் கேட்கவில்லை. ரோஷக்காரர். மறுநாள் லாரியில் ஏற்றிக்கொண்டு போய் எங்கேயோ தூரத்தில் இறக்கிவிட்டு வந்துவிட்டார். லாரி கிளம்பும்போது நான் வாசலில் நின்றிருந்தேன். அது என்னைப் பார்த்து வாலை ஆட்டியது. வாழ்க்கையில் முதல்முறையாக என்னைப் பார்த்துக் குரைக்கவில்லை. சொல்லியிருக்கலாம். வாய் வரை வந்தது. எத்தனையோ வாய்க்கு வழி செய்து கொடுத்தவன், என் வாயைத் திறக்கத் தெரியாமல் நின்றேன்.

திருடன் போய்விட்டான் என்று ஆனதால் அம்மாவுக்குக் கிளம்பத் தடையில்லை. மூன்றாவது முறை பதிவு செய்தாள். பையை வாசலுக்குப் பக்கத்தில் வைத்தாள். அன்று நீ போனில் பேசியதை ஸ்பீக்கரில் நானும் கேட்டேன். "நிஜமாவே வர்றியாம்மா? இல்ல மறுபடி கோழியா?" என்று கேட்டாய். அம்மா, "வெள்ளிக்கிழமை உன் கையால கதவைத் திறக்க விடமாட்டேன், நானே எதிர்வீட்டுல சாவி வாங்கிக்கறேன்" என்றாள். நீ சிரித்தாய். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. மகள் சிரித்தால் எந்த அப்பனுக்குச் சந்தோஷம் இருக்காது.

வியாழன் சாயங்காலம் டீச்சர்.

டீச்சர் வந்து மடியில் ஏறவில்லை. அதற்கு ஏதோ தெரிந்திருந்தது. நான் மூலையில் வைத்துப் பிடிக்கவேண்டியிருந்தது. என் சட்டையெல்லாம் இறகு. அதைப் பற்றி அதிகம் சொல்ல விரும்பவில்லை.

வெள்ளிக்கிழமை காலை பஸ் அவளில்லாமல் போனது. டிரைவர் வேலிக்கு அந்தப்பக்கமிருந்து டீச்சரைப் பார்த்தார். உடனே லாரியை எடுத்துக்கொண்டு மேனேஜரைத் தேடிப் போனார். ஓய்வு கிடைக்கும்போதெல்லாம் இன்னும் தேடிக்கொண்டுதான் இருக்கிறார். அம்மா படிக்கட்டில் டீச்சரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "நாளைக்குப் போறேங்க. இந்த ஒரு நாள்" என்றாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து டீ கொடுத்தேன். ஒரே டம்ளர்தான் கொண்டுவந்திருந்தேன்.

அப்போதுதான் போன் வந்தது. உன் எதிர்வீட்டம்மா பேசினாள். நீ தாகத்துக்குத் தண்ணீர் எடுக்க எழுந்தாய், சமையலறையில் மயங்கி விழுந்தாய், ஆஸ்பத்திரியில் உன்னைக் காப்பாற்றிவிட்டார்கள், குழந்தையை முடியவில்லை என்றாள். பெண்குழந்தை என்றும் சொன்னாள். அதை ஏன் சொன்னாளோ.

கட்டிலை விட்டு இறங்கக் கூடாது என்று டாக்டர் அவ்வளவு சொல்லியிருந்தும் நீ இறங்கினாய். அது உன் தப்பு என்று நான் ஒருநாளும் சொல்லமாட்டேன், பாப்பா.

அம்மா அழவில்லை. போனை வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். மடியிலிருந்த டீச்சரின் கழுத்தில் அவள் விரல் இருந்தது. துளைகளை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே போனது, என்ன செய்கிறோம் என்று தெரியாமல் சேலை நுனியைத் திருகுவார்களே, அந்த மாதிரி. ஓர் இடத்தில் விரல் நின்றது. திரும்பி வந்தது. மறுபடி அதே இடத்தில் நின்றது. அவள் கன்னம் உள்ளே அசைந்தது. நாக்கு எங்கே போகிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

பழக்கதோஷம். பூனைப் பல்லிலும் இடது கோரைப்பல்லைத் திருப்பி வைத்திருக்கிறேன். செய்யும்போது எனக்கே தெரியவில்லை. வேறு யார் தடவியிருந்தாலும் வெறும் துளைதான்.

அவள் பல்செட்டைக் கழற்றி என் டம்ளருக்குள் போட்டாள். பல் இல்லாத வாயால், "நீங்களா" என்றாள். காற்றுதான் வந்தது. எனக்குப் புரிந்தது.

நான் ஏதோ வேடிக்கையாகச் சொல்லி நிலைமையைச் சமாளிக்கலாம் என்று பார்த்தேன். பை ஏற்கெனவே வாசலில் இருந்ததால் அவள் கிளம்ப நேரமே ஆகவில்லை.

அதனால்தான் அம்மா பல் இல்லாமல் வந்தாள். கேட்டதற்குச் சொல்லிவிட்டேன், ஒன்றையும் மறைக்கவில்லை. அந்த இடுக்கியை அன்றே சுத்தியலால் நொறுக்கிக் குப்பையில் போட்டுவிட்டேன். இனி இந்த வீட்டில் அப்படிப்பட்ட பொருள் கிடையாது.

சாதம் ஒருவழியாக வைக்கிறேன். மேலே கஞ்சி, அடியில் கரி, நடுவில் ஒரு கரண்டி தேறுகிறது. முன்னறையில் கை ஓடுவதில்லை. பின்கட்டு அமைதியாக இருக்கிறது. எழுந்து எழுந்து போய்ப் பார்க்கிறேன்.

இன்னொரு விஷயம், இதை அம்மாவிடம் பக்குவமாகச் சொல். நேற்றுச் சாயங்காலம் சின்னவளும் போய்விட்டது. இந்த முறை நான் இல்லை. என்ன மிருகம் என்றே தெரியவில்லை. கடி பூனையைவிட அகலமாக இருக்கிறது. மேல்வரிசை மட்டும்தான் பதிந்திருக்கிறது, கீழ்வரிசையே இல்லை. இடது கோரைப்பல் துளி உள்ளே திரும்பியிருக்கிறது. அம்மா வந்து ஒரு தடவை பார்த்தால் தேவலை. பார்த்துவிட்டு உடனே திரும்பிவிடட்டும், நான் நிறுத்தமாட்டேன்.

அவள் பல்லைப் பற்றிக் கவலைப்படவேண்டாம் என்று சொல். பத்திரமாக இருக்கிறது. இறகு ஒன்றுகூட ஒட்டாமல் கழுவி, வெந்நீரில் வைத்திருக்கிறேன்.