வெள்ளிக்கிழமை டப்பா

"ஹலோ... ஆமா, நான்தான்... ஆமா ஆமா, உயிரோடதான் இருக்கேன். முதல்ல ஒண்ணு சொல்லிடறேன் தம்பி. இன்னிக்கு என் வாயிலேருந்து வர்ற ஒவ்வொரு வார்த்தையும் சத்தியம். டப்பா மேல அடிச்சுச் சொல்றேன். கேட்டுச்சா?"

கேட்டிருக்கும். தகர டப்பாவின் மூடியில் உண்மையிலேயே ஓங்கி ஓர் அடி விழுந்தது. பெரியவர் சாய்வு நாற்காலியில் கிடந்தார். வலது காலை முக்காலி மேல் நீட்டியிருந்தார். முழங்காலைச் சுற்றித் துணிக்கட்டு. பக்கத்தில் ஒத்தடத்துக்கு வைத்த வெந்நீர் வாளி. எதிரே அவர் மனைவி பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள்.

கூப்பிட்டது, அட்டைப்பெட்டி செய்யும் கம்பெனியின் மேலாளர். அங்கே கம்ப்யூட்டர்களைக் காபந்து பண்ணும் வேலையில் பெரியவர் இருபத்திரண்டு வருஷம் இருந்தார். தன்னைவிட முப்பது வயது சின்னவரான இந்த மேலாளரை, வேலையில் இருந்த கடைசி நாள்வரை 'சார்' என்றுதான் கூப்பிட்டார்.

"...என்ன, தம்பின்னா புதுசா இருக்கா? சாரை நான் போகும்போது கேட்லயே ஒப்படைச்சுட்டேன். அடையாள அட்டையோட சேர்த்து... சரி சரி, அவசரம்தான். முதலாளி எத்தனை மணிக்கு வர்றார்?... பன்னெண்டுக்கா. இப்ப பதினொண்ணேகால். நிறைய நேரம் இருக்கு. நடந்ததைச் சொல்லுங்க... எனக்குத் தெரியும். உங்க வாயால கேக்கணும். பதினாலு மாசமா இந்தப் போனுக்குத்தான் சார்ஜ் போட்டு வச்சிருக்கேன்."

அவர் கண்ணை மூடிக்கொண்டு, பாட்டுக் கேட்கிறவர் மாதிரி தலையை ஆட்டினார். நடந்தது இதுதான். திங்கட்கிழமை காலையில் கம்பெனியின் பதினோரு கம்ப்யூட்டர்களிலும் இருந்த கோப்புகளை ஒரு வைரஸ் பூட்டிவிட்டது. எந்தப் பெட்டிக்கு எந்த மடிப்பு, எந்த வெட்டு என்ற வரைபடம் முழுக்க அதில் போனது. திரையில் ஒரு மிரட்டல் மட்டும் நின்றது: பணம் கட்டினால் திறப்போம். பழுது பார்க்கிறவர் வந்து, செவ்வாய் முழுக்க உட்கார்ந்து வைரஸைத் துடைத்து எடுத்துவிட்டார். ஆனால் பூட்டின கோப்பு பூட்டினதுதான். நகல் எங்காவது இருந்தால் உண்டு, இல்லையென்றால் கம்பெனி முதல் பெட்டியிலிருந்து மறுபடி வரைய வேண்டும். முதலாளிக்கு இன்னும் சேதி தெரியாது.

"...ம்... ம்... நகல் எடுக்கிற டிஸ்க் இருந்துச்சே, அது என்னாச்சு?... அதுவும் பூட்டிக்கிச்சா. ஏன் தம்பி?... மெதுவாச் சொன்னா காதுல விழாது."

அந்த 'ஏன்'னுக்குள்தான் பெரியவரின் இருபத்திரண்டு வருஷம் இருந்தது. வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு எல்லாவற்றுக்கும் ஒரு நகல் எடுப்பார். எடுத்த கையோடு டிஸ்க்கைப் பிடுங்குவார். துண்டில் சுற்றித் தகர டப்பாவில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோய்விடுவார். கம்ப்யூட்டரைத் தொடாத டிஸ்க்கை வைரஸும் தொடாது என்பது அவர் கட்சி. புது மேலாளர் வந்தார். வாராவாரம் பிடுங்கிச் செருகுவது வெட்டி வேலை, டிஸ்க் எப்போதும் கம்ப்யூட்டரிலேயே கிடக்கட்டும் என்றார். பெரியவரை அனுப்பிவைத்த அன்று அந்த டப்பாவை வாங்கி, 'அருங்காட்சியகத்துக்கு' என்று தாளில் எழுதி ஒட்டி, எல்லார் முன்னாலும் அவர் கையில் கொடுத்தார். எல்லாரும் சிரிக்க வேண்டியதாயிற்று. டப்பா தாத்தா என்ற பேரும் அன்றைக்கு வந்ததுதான்.

தாள் இன்னும் டப்பாவில் ஒட்டியே இருந்தது. கிழித்துவிடச் சொல்லி மனைவி எத்தனையோ தடவை சொல்லிவிட்டாள்.

"...அழாதீங்க தம்பி, மூக்கு உறிஞ்சற சத்தம் காதைக் கிழிக்குது. நகல் இருக்கு... இருக்குங்கறேன். போன வெள்ளிக்கிழமை வரைக்கும், நாலு மணிக்கு எடுத்தது... எப்படியா? தண்ணி கேன் போடறவர் ஒருத்தர் வெள்ளிக்கிழமை வர்றாரே, தொப்பி போட்டுக்கிட்டு, மீசை வச்சுக்கிட்டு, நெனப்பிருக்கா?... நான்தான் அது... ஆமா, ஒட்டு மீசை. கேன் வைக்கிற மூலைக்குப் பக்கத்துலதானே மெயின் கம்ப்யூட்டர். ஒரு கையால கேனைக் கவுக்கறது, இன்னொரு கையால டிஸ்க்கைச் செருகறது. ஒருநாள் நீங்களே என்னைப் பிடிச்சுக் கத்தினீங்க, கார்ப்பெட் மேல சொட்டாமப் போய்யான்னு... பாத்தீங்களா, கத்தினது ஞாபகம் வருதில்ல?"

மனைவி உரிப்பதை நிறுத்திவிட்டு முழங்காலைப் பார்த்தாள். பதினாலு மாதமாக அந்தக் கால் அவரை வாசல்படி தாண்ட விட்டதில்லை. பெரியவர் பார்வையைக் கூரைக்குத் திருப்பிக்கொண்டார்.

"...தர்றேன். சும்மா தரமாட்டேன்... சே, பணமா. உங்க பணத்தை எவன் கேட்டான். ரூமைவிட்டு வெளிய வாங்க. ஹாலுக்கு... வந்தாச்சா? எல்லாரும் இருக்காங்களா?... ஸ்க்ரீனெல்லாம் எப்படி இருக்கு?... எல்லாமே இருட்டா. அப்படியே இருக்கட்டும், யாரும் எதையும் தொட வேணாம். இப்ப ஸ்பீக்கர்ல போடுங்க."

போட்டாகிவிட்டது. பெரியவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"எல்லாருக்கும் வணக்கம்... நல்லாருக்கேம்மா, நல்லாருக்கேன். உங்க மேலாளர் ஒரு விஷயம் சொல்லப்போறார். தம்பி, நம்ம கம்ப்யூட்டர்ல வைரஸைத் தடுக்கிற காவல் மென்பொருள் ஒண்ணு இருந்துச்சு. அதை யார் நிறுத்தினது?... சத்தமா... ம். நீங்க. எதுக்கு நிறுத்தினீங்க?"

பெரியவர் டப்பாவைக் குலுக்கினார். உள்ளே கடகடவென்றது.

"டிஸ்க்தான் தம்பி அது. கை நடுங்குது எனக்கு, வயசாச்சு. பக்கத்துல தண்ணி வாளி வேற." இடது கையை வாளியில் விட்டு ஒரு தட்டுத் தட்டினார். "...ஐயோன்னா என்ன பண்றது, நழுவப் பாக்குதே... ஆங், சொல்லுங்க. போட்டோவை?... இருபது வயசு குறைச்சுக் காட்டற இலவச மென்பொருள். அதை இறக்கும்போது காவல்காரன் ஆபத்துன்னு கத்தினான். கத்தறவனை நிறுத்திட்டு இறக்கினீங்க... எல்லார் கம்ப்யூட்டர்லயும் சேர்த்து நிறுத்தினீங்க... ஆமா. சரி, குறைஞ்சுதா வயசு?"

மறுமுனையிலிருந்து வந்த சிரிப்பு பட்டாணிக் கிண்ணம்வரை கேட்டது. மனைவியே புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். பதினாலு மாதத்துக்கு முன்னால் சிரித்த அதே பத்துப் பேர். பெரியவர் போனைக் காதிலிருந்து எடுத்து, சிரிப்பு அடங்கும்வரை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

பிறகு அவர் குரல் மாறியது.

"சிரிச்சது போதும்மா. தம்பி, ஒண்ணு கேக்கறேன். அன்னிக்கு அந்த டப்பாவை என் கையில கொடுத்தப்ப நான் வீட்டுக்கு எப்படிப் போனேன்னு யோசிச்சீங்களா?... நடந்து போனேன். பஸ்ல அந்தத் தாளை நாலு பேர் படிப்பாங்களேன்னு... கிழிச்சிருக்கலாம்தான். கிழிக்கலை. நீங்க கிழிக்கணும்னு வச்சிருக்கேன்... மன்னிப்பெல்லாம் அப்புறம். வர்றவங்களை விசாரிக்கிற வாசல் மேசை அம்மாவோட நாற்காலியில ஒரு சக்கரம் இல்லை, ஒரு வருஷமா. உங்க நாற்காலியை நீங்களே உருட்டிட்டுப் போய் அவங்களுக்குப் போடுங்க... இப்பத்தான். நான் லைன்ல இருக்கேன்."

சக்கரங்கள் உருளும் சத்தத்தைப் பெரியவர் கடைசிவரை கேட்டார். ஓரிடத்தில் கதவில் இடித்தது. அதையும் கேட்டார்.

"...போட்டாச்சா? உக்காந்துட்டாங்களா?... நல்லது. இனிமே வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு நகல் எடுக்கணும், எடுத்ததும் டிஸ்க்கைப் பிடுங்கணும். காவல்காரனை எவனும் தொடக்கூடாது, நீங்க உள்பட. சொல்லுங்க... ஐயான்னு சேர்த்து... ஆமா. இப்ப முதலாளி வர்றதுக்குள்ள டிஸ்க் வந்துடும். இதோ, டப்பாவிலேருந்து எடுத்து என் கையாலயே ஆட்டோவுல ஏத்தி அனுப்பறேன். தாளையும் சேர்த்து அனுப்பறேன்... கும்பிட்டது போதும், வைங்க."

போனை வைத்துவிட்டு மூடியைத் திறந்தார். துண்டின்மேல் ஏழெட்டு பிஸ்கட் கிடந்தது. ஒன்றை மனைவியிடம் நீட்டிவிட்டு இன்னொன்றைத் தான் கடித்தார். அப்புறம் மூடியிலிருந்த தாளை நகத்தால் நெருடி, மெல்ல உரிக்க ஆரம்பித்தார்.

பதினாலு மாதமாக வெள்ளிதோறும் நகல் எடுத்து, வீட்டுக்குப் போகிற வழியில் அவரிடம் கொடுத்துவிட்டுப் போன வாசல் மேசை அம்மா, அன்று காலை ஒன்பது மணிக்கே டிஸ்க்கை அலுவலகத்தில் சேர்த்துவிட்டாள். மேலாளர் போனை எடுத்தபோது, அவருடைய கம்ப்யூட்டர் ஒன்றைத் தவிர மற்ற பத்தும், திரையை மட்டும் அணைத்துக்கொண்டு, நன்றாக ஓடிக்கொண்டிருந்தன.