மாற்று ஆளின் கூலி

மனைவி: ...அதெல்லாம் வேணாங்க. கடை பூட்டிக்கிடந்துச்சுன்னு ஒரே வரியில எழுதிடச் சொல்லுங்க வக்கீலை.

மெக்கானிக்: பூட்டிக்கிடந்துச்சா? தெருவே பார்க்க நாலு மாசமும் ஷட்டர் தூக்கியிருந்துச்சேம்மா!

மனைவி: காத்துக்குத் தூக்கினோம்னு சொல்றது.

மெக்கானிக்: நல்லா சொல்லுவே. தையல் மெஷினை ரிப்பேர் பண்ணி வாங்கிட்டுப் போன டெய்லருங்க வாயையெல்லாம் யார் தைக்கிறது? இன்சூரன்ஸ்காரன் ரெண்டு பேரைக் கேட்டாலே குட்டு வெளிப்பட்டுடும்.

மனைவி: அப்போ கடை ஓடிச்சுன்னே சொல்லுங்க.

மெக்கானிக்: 'ஓடிச்சுன்னா உனக்கு என்னய்யா நஷ்டம்?'னு கேப்பான். மெஷின் பார்க்கப் போன கம்பெனியில லிஃப்ட் அறுந்து என் மணிக்கட்டு நொறுங்கினது அவனுக்குப் பெரிய விஷயமா? அதான் வக்கீல் சொல்றார்... என் கை கட்டுல இருந்தப்ப கடை வேலையைச் செஞ்ச மாற்று ஆளோட கூலியை அவங்கதான் தரணுமாம். அந்த ஆள் ஒரு கையெழுத்துப் போட்டா போதும்.

மனைவி: இருங்க, தண்ணி கொண்டு வரேன்.

மெக்கானிக்: தண்ணி அப்புறம். அடுத்த தெரு மெக்கானிக் சோடாபுட்டிதானே மெஷினையெல்லாம் எடுத்துட்டுப் போய் செஞ்சு கொடுத்தான்? நீதானே சொன்னே. அவனை வரச்சொல்லு. நாளைக்கு மனு போகுது.

மனைவி: அவர் வரமாட்டாரு.

மெக்கானிக்: ஏன்?

மனைவி: கோர்ட்டுன்னா அவருக்கு... பயம்.

மெக்கானிக்: சோடாபுட்டிக்கா? வீட்டுக்காரன் மேலயே மூணு கேஸ் போட்டவன் அவன்!

மனைவி: அதனாலதான் அலுத்துப்போச்சாம்.

மெக்கானிக்: இங்க பாரு. ஆபரேஷன் பண்ணி என் கையில வச்ச பிளேட்டுக்கு நாம கடையை அடகு வச்சிருக்கோம். இந்தக் கூலி வரலைன்னா கடை நம்மது இல்லை.

மனைவி: எனக்குத் தெரியாதா அது? ராத்திரியெல்லாம் அதைத்தான்... விடுங்க. வேற வழி இருக்கும்.

மெக்கானிக்: இருந்தா சொல்லு.

மனைவி: யோசிக்க விடுங்களேன்!

மெக்கானிக்: யோசி, யோசி... ஆனா ஒண்ணு. ஆள் வராட்டாலும் வேலை சுத்தம்.

மனைவி: ...அப்படியா?

மெக்கானிக்: யூனிஃபார்ம் தைக்கிற அம்மா மெஷின், தையல் விட்டுவிட்டு விழுமே... நானே ரெண்டு தடவை பிரிச்சுப் பார்த்துக் கையை விரிச்சது. இப்ப தண்ணியா ஓடுது.

மனைவி: அவ்வளவு நல்லாவா இருக்கு?

மெக்கானிக்: அதுக்கு நீ ஏன் பூரிக்கிறே?

மனைவி: நான் எங்க பூரிச்சேன்? அடுப்புச் சூடு.

மெக்கானிக்: கூடத்துல ஏது அடுப்பு?

மனைவி: ...மேல சொல்லுங்க.

மெக்கானிக்: காலர் தைக்கிற பெரியவர் மெஷின்லதான் கோட்டை விட்டுட்டான். பெல்ட்டை இப்படியா தளர விடுவான், மடையன்?

மனைவி: யாரு மடையன்? அந்தப் பெரியவருக்கு முழங்கால் வலி. இறுக்கினா மிதிக்க முடியலைன்னாரு. அவரைக் கேட்டுத்தான் தளர விட்டே... விட்டாராம்.

மெக்கானிக்: ஓ... விட்டாராம்.

மனைவி: ஆமா. சோடாபுட்டி சொன்னாரு.

மெக்கானிக்: சரி, இதுக்குப் பதில் சொல்லு. ரிப்பேர் முடிஞ்சு போன மெஷின் ஒவ்வொண்ணுலயும் பாபின் நிறைய நூல் சுத்தி, ஊசியில கோத்துவச்சு அனுப்பியிருக்கே... அது யாரு?

மனைவி: ஏன், அனுப்பக்கூடாதா?

மெக்கானிக்: எந்த மெக்கானிக்காவது சொந்த நூலைச் சுத்திக் கொடுப்பானா? ஓட்டிப் பார்த்த நூலையே உருவி எடுத்துவச்சுக்கிற ஆளுங்க நாங்க. அதுலயும் சோடாபுட்டி... எச்சில் கையால காக்கா ஓட்டாதவன்!

மனைவி: அதுக்காக வெறும் மெஷினையா அனுப்புறது? வேலையைப் போட்டுட்டு அத்தனை நாள் காத்திருந்தவங்க... உட்கார்ந்ததும் தைக்க வேணாமா, பாவம்...

மெக்கானிக்: ம்.

மனைவி: ...என்ன 'ம்'?

மெக்கானிக்: ஒண்ணுமில்லை. மனுவுல மாற்று ஆள் பேரை மாத்தியாச்சு. நேத்தே.

மனைவி: யார் பேரை?

மெக்கானிக்: உன் பேரை.

மனைவி: ஐயையோ! என்னங்க இது...

மெக்கானிக்: 'வீட்டு ஆளுதானே, கூலியைப் பாதியாப் போடுவோமா'ன்னார் வக்கீல். 'எனக்கு என்ன கூலியோ அதேதான் அவளுக்கும். ஒரு பைசா குறைஞ்சாலும் நான் வேற வக்கீலைப் பார்த்துக்கிறேன்'னுட்டேன்.

மனைவி: உங்களுக்கு... யார் சொன்னா?

மெக்கானிக்: சோடாபுட்டிதான். போன வாரம் வந்து கும்பிடாத குறை. 'உன் பொண்டாட்டி செஞ்ச வேலைக்குப் போற வர்ற டெய்லர் எல்லாம் என்னைப் புகழுறான், என்னால தாங்க முடியலைடா'ன்னு.

மனைவி: அப்ப இவ்வளவு நேரமும் தெரிஞ்சுக்கிட்டேதான் என்னை ஆழம் பார்த்தீங்களா?

மெக்கானிக்: உன் வாயால வரட்டும்னு பார்த்தேன்.

மனைவி: எப்படி வரும்? ஆஸ்பத்திரியில படுத்துக்கிட்டு என்ன சொன்னீங்க? 'என் கடை மெஷின்ல கண்டவங்க கை வச்சா பேர் கெட்டுடும்'னு சொல்லலை?

மெக்கானிக்: சொன்னேன். பேர் கெட்டுதா?

மனைவி: ...இல்லை.

மெக்கானிக்: கூடிப்போச்சு. அதான் நெஞ்சை நிமிர்த்திக்கிட்டு எழுதிக் கொடுத்தேன்... சரி, இப்ப ஒத்திகை. இன்சூரன்ஸ் வக்கீல் சும்மா விடமாட்டான். 'ஏம்மா, உன் புருஷன் உன்னை ஒரு நாளாவது ஸ்க்ரூ டிரைவரைத் தொட விட்டாரா? பக்கத்துல நின்னு டார்ச் பிடிச்சவதானே நீ? நீ எப்படி ரிப்பேர் பண்ணியிருப்பே?'ன்னு கேப்பான். என்ன சொல்லுவே?

மனைவி: 'நான்தான் பண்ணினேன், ஐயா. அத்தனை மெஷினும் நான்தான். இருக்கிறதுலயே கெட்டிக்கார மெக்கானிக் பக்கத்துல இத்தனை வருஷம் டார்ச் பிடிச்சவ, வெளிச்சம் விழுந்த இடத்தைப் பார்க்காம வேற எங்க பார்த்துக்கிட்டு நின்னிருப்பேன்?'னு கேப்பேன்.