நாலாயிரம் மைல்

— சொல்லுங்க துரை, இந்தத் தடவை மட்டும் எப்படி வந்தீங்க? மைல் எல்லாம் சேர்ந்துடுச்சோ?

— அக்கா, போதும். காசு கொடுத்து டிக்கெட் எடுத்துத்தான் வந்தேன்.

— அப்படியா! காசு கொடுத்தாலும் பிளேன்ல ஏத்திப்பாங்களா? அஞ்சு வருஷமா எனக்கு இது தெரியாமப் போச்சே. அப்பாவுக்கும் தெரியாது, பாவம்.

— நேத்துதான் அவரை மண்ணுக்குள்ள வெச்சுட்டு வந்திருக்கோம். இன்னிக்கே ஆரம்பிக்கணுமா?

— இன்னிக்கு விட்டா எப்ப? ஞாயித்துக்கிழமை துரை கிளம்பிடுவீங்க. அந்த அலமாரியைத் திற. மேல இருக்கற துணியை நான் மடிக்கிறேன். நீ கீழ்த்தட்டைக் காலி பண்ணு.

— கணக்கு என்னன்னாக்கா, வாடகையிலேர்ந்து பால் பாக்கெட் வரைக்கும் எல்லாத்தையும் அந்த ஏர்லைன்ஸ் கிரெடிட் கார்டுலதான் தேய்ச்சேன். தேய்க்கத் தேய்க்க மைல் ஏறும். முழுசா சேர்ந்துட்டா டிக்கெட் சும்மா. அது கையில இருக்கும்போது கைக்காசு போட்டு வர்றது முட்டாள்தனம்னு...

— அப்பாவைப் பார்க்க வர்றது முட்டாள்தனம்.

— நான் அப்படியா சொன்னேன்?

— சரி விடு. அஞ்சு வருஷத்துல ஒரு தடவைகூடவா சேரலை?

— ரெண்டு தடவை சேர்ந்துச்சு. முதல் தடவை, நான் புக் பண்ணலாம்னு உக்கார்றேன், அதுக்கு முந்தின வாரம் கம்பெனிக்காரன் டிக்கெட்டுக்கு வேண்டிய மைலைக் கூட்டிட்டான். நாலாயிரம் குறைஞ்சுது. அப்பாகிட்டயே சொன்னேனே, இன்னும் நாலாயிரம்தான்பான்னு.

— அது மூணு வருஷத்துக்கு முன்னாடி. ரெண்டாவது தடவை?

— காலாவதி ஆகப்போகுதுன்னு மெயில் வந்துச்சு. பசங்களுக்கும் ஸ்கூல் லீவு. அதான்... கடற்கரைக்குப் போயிட்டு வந்தோம்.

— தெரியும். போட்டோ அனுப்பினே. அப்பா அதைப் பெரிசு பண்ணிப் பெரிசு பண்ணிப் பார்த்தார். "புள்ளைங்க வெயில்ல கறுத்துட்டாங்க"ன்னார். 

— என்னக்கா இது, இவ்வளவு செருப்பு? எல்லாம் அடி தேஞ்சு, வார் அறுந்து... ஆறு ஜோடி இருக்கு.

— ஏழு. ஒண்ணு ஆஸ்பத்திரியில கொடுத்த பையில இருக்கு.

— ஒரு மனுஷனுக்கு எதுக்கு இவ்வளவு?

— நடந்தார்.

— டாக்டர் சொன்னதாலயா?

— டாக்டர் தொண்டை கிழியக் கத்தினார், அசைஞ்சாரா? வேலையில இருந்தப்ப வீடு வீடா ஏறி இறங்கி கரன்ட் மீட்டர் பார்த்தது போதும், இனிமே கால் ஓய்வெடுக்கட்டும்னு உக்காந்துட்டார். நீ ஒரு வார்த்தை சொன்னே. அப்புறம்தான் எழுந்தார்.

— நானா? நான் என்ன சொன்னேன்?

— "நடங்கப்பா. உங்களையும் என் கணக்குல சேர்த்துட்டேன், நீங்க நடக்கற மைலும் அதுல ஏறும்." ஸ்பீக்கர்ல போட்டுத்தான் கேட்டோம், ரெண்டு பேரும்.

— ஐயோ, அது விளையாட்டுக்குச் சொன்னதுக்கா! சர்க்கரை கூடிப்போச்சு, அப்படியாவது நடக்கட்டுமேன்னு...

— செருப்புக்குப் பின்னாடி ஒரு நீல நோட்டு இருக்கும். எடு.

— மீட்டர் ரீடிங் நோட்டு மாதிரியே கோடு போட்டிருக்கார். "முந்தைய ரீடிங். இன்றைய ரீடிங். ஓடியது: நான்கு." தினமும் நாலு. மழைன்னா ரெண்டு.

— வாசல்லேர்ந்து தண்ணித்தொட்டி வரைக்கும் போய்ட்டு வந்தா ஒரு மைல். சைக்கிளை உருட்டிக்கிட்டே போய், சக்கரம் எத்தனை சுத்து சுத்துதுன்னு எண்ணி அளந்தார்.

— போன் பண்ணும்போது "ஆயிரத்து இருநூறு ஆச்சுடா"ம்பார். நானும் "சபாஷ்ப்பா"ம்பேன். அவரும் கூட விளையாடறார்னு நினைச்சேன்.

— அவர் என்னிக்கு ரீடிங்ல விளையாடினார்?

— நீயாவது சொல்லியிருக்கலாமேக்கா!

— சொல்லியிருக்கலாம். சர்க்கரை இறங்குச்சு. நல்லாத் தூங்கினார். நீ கடற்கரைக்குப் போனப்பகூட, "அது அவன் சேர்த்தது, நான் சேர்க்கறது தனியா இருக்கு"ன்னு சிரிச்சார். அந்த முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்றது? வாயை மூடிக்கிட்டேன். இந்தப் பாவத்துல எனக்கும் பாதி.

— நாலாயிரம். போன மாசம் பதினொண்ணாம் தேதி. அன்னிக்கு போன் பண்ணாரே! "முடிஞ்சுதுடா"ன்னார். நான் மீட்டிங்ல இருந்தேன். எது முடிஞ்சுதுன்னுகூடக் கேக்கலை. "ரொம்ப சந்தோஷம்ப்பா, நாளைக்குப் பாக்கலாம்"னு வெச்சுட்டேன்.

— நாளைக்குப் பாக்கலாம்னா சொன்னே?

— பேச்சுவாக்குல சொல்றதுதானே. ஏன்?

— அடப்பாவி. மறுநாள் விடிஞ்சதும் வெள்ளைச் சட்டையை இஸ்திரி போடச் சொன்னார். டாக்சி புடிச்சு ஏர்போர்ட்டுக்குப் போயிட்டார். என்னப்பா இதுன்னா, "அவனே சொன்னான்"னார். ஆளுங்க வெளிய வர்ற வாசல்ல, கம்பியைப் புடிச்சுக்கிட்டு, சாயந்திரம் வரைக்கும் நின்னார்டா. நான் போய்த்தான் கூட்டிட்டு வந்தேன்.

— எனக்கு ஏன் சொல்லலை?

— சொல்லமாட்டேன்னு கையில அடிச்சு சத்தியம் வாங்கிட்டார்.

— என் மேல கோவமா இருந்தாரா? மறைக்காமச் சொல்லுக்கா. திட்டினாரா?

— அடுத்த பக்கத்தைத் திருப்பு.

— மறுபடி ஒண்ணுலேர்ந்து ஆரம்பிச்சிருக்கார். "ஓடியது: எட்டு." எட்டா? எழுபத்தாறு வயசுல, இந்த வெயில்ல, தினம் எட்டு மைலா? எட்டு, எட்டு, எட்டு... நூத்தி எழுபத்தாறோட நிக்குது.

— அதுக்கு அடுத்த நாள்தான், அஞ்சாவது சுத்துல, தண்ணித்தொட்டிகிட்ட விழுந்தார்.

— நாலாயிரம்தான் முடிஞ்சுதே, அப்புறம் எதுக்கு? கணக்கு என்னன்னா...

— இன்னும் என்னடா கணக்கு உனக்கு!

— எதுக்கு நடந்தார்னு சொல்லுக்கா!

— டாக்சியில திரும்பி வரும்போது என் கையைப் புடிச்சுக்கிட்டார். "அவனைத் திட்டாதேம்மா, தப்பு என் மேலதான். அவன் வர்றதுக்கு மட்டும் நடந்துட்டு, திரும்பிப் போறதுக்கு வேண்டிய மைலை மறந்துட்டேன் பாரு"ன்னார்.