மூன்று நாள் சீட்டு

அந்தத் திங்கட்கிழமை காலை நான் கடைசியாக நிம்மதியாகச் செய்த வேலை, பென்சில் சீவியது. பல்கலைக்கழக மருத்துவமனையின் முன் மேசையில் பத்தொன்பது வருடமாக உட்கார்ந்திருக்கிறேன். தினமும் எட்டு மணிக்கு முன்னால் இரண்டு பென்சில் சீவி வைத்துக்கொண்டுதான் கதவைத் திறக்கச் சொல்வேன்.

விசாரணைக் குழுவினர் மூவருக்கும் இதை எழுதுகிறேன். போன மாதம் உங்கள் முன்னால் உட்கார்ந்து நான் சொன்னதில் ஒரு விஷயம் விட்டுப்போயிற்று. இறந்த மாணவியின் தகப்பன் என்பதால் நீங்களும் அதிகம் கேட்கவில்லை. குடிக்கத் தண்ணீர் கொடுத்தீர்கள். என் நாற்காலியை மின்விசிறிக்குக் கீழே நகர்த்திப் போட்டீர்கள். அந்த மரியாதைக்கு நன்றி. விட்டுப்போனதை இப்போது வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் பல்கலைக்கழகத்தில் இருபத்தாறாயிரம் பேர் படிக்கிறார்கள். மருத்துவமனையில் காலை வேளைக்கு ஒரே ஒரு மருத்துவர். அவரால் அறுபது பேரைப் பார்க்க முடியும். தேர்வு வாரத்தில் வாசலில் இருநூறு பேர் நிற்பார்கள். பல வருடங்களுக்கு முன் அப்படி ஒரு வாரத்தில், பொறியியல் படித்த ஒரு பையன் நாற்பதாவது ஆளாக நின்றுகொண்டிருந்தான். ஒரு வார்த்தை பேசவில்லை. அவன் முறை வந்தபோது சுவரோடு சரிந்து உட்கார்ந்துவிட்டான். மூளைக்காய்ச்சல். பிழைத்துக்கொண்டான், ஆனால் ஒரு காது கேட்காமல் போய்விட்டது. அவனுக்கு முன்னால் நின்ற முப்பத்தொன்பது பேரில் இருபத்தைந்து பேருக்காவது தேர்வுதான் நோய். அதற்குப் பிறகுதான் நான் யோசிக்க ஆரம்பித்தேன்.

ஒரே மேசையில் பத்தொன்பது வருடம் இருந்தால் எல்லாம் பிடிபட்டுவிடும். பொறியியல்காரர்கள் உயிர் போகும் வரை வர மாட்டார்கள், வந்தால் உண்மை. மருத்துவம் படிப்பவர்கள் போன வாரம் பாடத்தில் எந்த நோய் வந்ததோ அதோடு வருவார்கள். சட்டம் படிப்பவர்கள் முதலில் சான்றிதழ் கிடைக்குமா என்று கேட்பார்கள், பிறகுதான் எங்கே வலி என்பதை முடிவு செய்வார்கள். விளையாட்டுக்காரர்கள் எலும்பு துருத்திக்கொண்டு நின்றாலும் சும்மா சுளுக்கு என்பார்கள். நாடகத் துறையினர் வாசற்படியிலிருந்தே முனக ஆரம்பித்துவிடுவார்கள். பெரிய நர்ஸம்மாவுக்கு இதையெல்லாம் சொல்லிச் சிரிக்க வைத்திருக்கிறேன். ஒருநாள் அவர்தான், "இதையெல்லாம் ஒரு தாள்ல எழுதி வைங்களேன், எங்களுக்கும் உதவும்" என்றார்.

எழுதினேன். இடப்பக்கம் துறை, மேலே நோய், உள்ளே கட்டங்கள். எந்தத் துறைக்காரர் எந்த வாரத்தில் என்ன சொல்லிக்கொண்டு வந்தால் உள்ளே அனுப்பலாம், யாருக்கு மூன்று நாள் சீட்டு கொடுத்து அனுப்பலாம் என்று ஒவ்வொரு கட்டத்திலும் இருக்கும். "ஓய்வு எடுக்கவும். மூன்று நாள் கழித்தும் தொந்தரவு இருந்தால் வரவும்" என்று அச்சடித்த சீட்டு அது. மருத்துவரம்மா காலையில் வந்ததும் ஐம்பது சீட்டில் கையெழுத்துப் போட்டு என்னிடம் கொடுத்துவிடுவார். பார்க்காமலே போடுவார். அவரைக் குறை சொல்லவில்லை. அவரும் மனுஷிதானே.

சீட்டு வாங்கிக்கொண்டு போனவர்களின் பெயர் மருத்துவமனைப் பதிவேட்டில் ஏறாது. உள்ளே போனவர்களை மட்டும்தான் எழுதுவோம். காத்திருக்கும் நேரம் குறைந்திருக்கிறது என்று மேலிடத்திலிருந்து இரண்டு முறை பாராட்டுக் கடிதம் வந்தது. திருப்பி அனுப்பியவர்களை நான் சொந்தமாக ஒரு நோட்டில் எழுதி வைத்தேன். எந்தக் கட்டாயமும் இல்லை. என் பட்டியல் சரியா தவறா என்று தெரிய வேண்டாமா? மாணவர்களைப் பற்றி எல்லோரும்தான் பேசுகிறார்கள், இந்தத் துறை அப்படி, அந்தத் துறை இப்படி என்று. யாரும் சரிபார்த்ததில்லை. நான் பார்த்தேன். மூன்று நாளில் திரும்பி வந்தால் என் கணிப்பு தவறு. வராவிட்டால் சரி, ஒரு டிக்.

சிலர் படிப்பையே விட்டுவிட்டுப் போனதாகக் கேள்விப்பட்டேன். ஒருமுறை, நான் சீட்டு கொடுத்தனுப்பிய சட்டத் துறைப் பையன் ஒருவனின் படத்தை அறிவிப்புப் பலகையில் கறுப்புப் பட்டை போட்டு ஒட்டியிருந்தார்கள். எதனால் என்று எழுதவில்லை. நானும் கேட்கவில்லை. மூன்று நாளில் அவன் திரும்பி வரவில்லை, அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

என் மகள் முதல் வருடம் பொறியியலில்தான் சேர்ந்தாள். இரண்டாம் வருடம் நாடகத் துறைக்கு மாறிக்கொண்டாள். நான் கோபப்படவில்லை. ஒரு வாரம் பேசவில்லை, அவ்வளவுதான். ஒத்திகை இருக்கிறது என்று விடுதியிலேயே தங்கிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வீட்டுக்கு வருவாள். அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை என் நோட்டையும் பட்டியலையும் எடுத்துப் புரட்டிப் பார்த்தாள். சாப்பிட்டுக்கொண்டே ஒரு கேள்வி கேட்டாள்.

"திரும்பி வரலைன்னா குணமாயிட்டாங்கன்னு எப்படிப்பா சொல்றீங்க?"

"வலி இருந்தா வருவாங்க. இல்லன்னா வரமாட்டாங்க. இதுல என்ன இருக்கு?"

"செத்துட்டாலும்தான் வரமாட்டாங்க."

அவள் அம்மா, சாப்பிடும்போது என்ன பேச்சு என்று அதட்டினாள். மகள் சிரித்துவிட்டு, நாடகத் துறைக்கு நான் எழுதியிருந்ததை மார்பில் கை வைத்து நடித்துக் காட்டினாள். அச்சு அசலாக இருந்தது. நானும் சிரித்துவிட்டேன்.

அந்தத் திங்கட்கிழமை அவள் பதினேழாவது ஆளாக நின்றாள். மேசைக்கு வந்ததும், "வணக்கம் சார்" என்றாள். மருத்துவமனையில் என்னை அப்படித்தான் கூப்பிடுவாள். என் பெயரைச் சொல்லி ஒருநாளும் முன்னால் போனதில்லை. அந்த விஷயத்தில் நான் அவளை நன்றாகத்தான் வளர்த்திருந்தேன்.

என்ன தொந்தரவு என்று கேட்டேன்.

"வயிறு. நேத்துலேர்ந்து. முதல்ல நடுவுல வலிச்சுது. இப்ப வலது பக்கம் இறங்கியிருக்கு."

இந்த வாக்கியத்தை நான் கேட்டேன். கேட்கவில்லை என்று சொல்ல மாட்டேன். பத்தொன்பது வருடம் முன் மேசையில் இருந்தவனுக்கு அது போதும். ஒரு பொறியியல் மாணவன் அதையே சொல்லியிருந்தால் நானே கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போயிருப்பேன். ஆனால் அது தேர்வு வாரம். புதன்கிழமை அவளுக்கு மேடைத் தேர்வு. நாடகத் துறை, தேர்வு வாரம், வயிற்றுவலி. அந்தக் கட்டத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கக்கூட வேண்டியதில்லை. எழுதியவனே நான்தான்.

"புதன்கிழமை தேர்வு இருக்குல்ல?" என்றேன்.

"இருக்கு. அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?"

சீட்டைக் கிழித்து நீட்டினேன். அவள் அதை வாங்கி ஒரு நிமிடம் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"என்னையும் கட்டத்துல போட்டுட்டீங்களாப்பா?"

அந்த மேசையில் அவள் என்னை அப்பா என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. பின்னால் நின்றவர்கள் என்னைப் பார்த்தார்கள். மற்ற பிள்ளைகளைத் திருப்பி அனுப்பிவிட்டு என் பிள்ளையை மட்டும் உள்ளே விட்டால் அது என்ன நியாயம்? "நிறைய பேர் நிக்கிறாங்க, கொஞ்சம் தள்ளிக்கோம்மா" என்றேன். அவள் அழவில்லை, கெஞ்சவில்லை. "சரிங்க சார்" என்று போய்விட்டாள். வலி உள்ளவள் இவ்வளவு சுலபமாகப் போவாளா என்றுதான் அப்போது நினைத்தேன். அழுதிருந்தால் நடிக்கிறாள் என்று நினைத்திருப்பேன். இதைப் பிறகுதான் யோசித்துப் பார்த்தேன்.

அன்று சாயங்காலம் வீட்டில் இதைப் பற்றி நான் பேச்செடுக்கவில்லை. சொல்லியிருந்தால் அவள் அம்மா கட்டிய புடவையோடு பஸ் ஏறியிருப்பாள். செவ்வாய்க்கிழமை மகளுக்குப் போன் செய்யலாம் என்று நினைத்தேன். செய்தால் எப்படி இருக்கிறது என்று கேட்க வேண்டும். கேட்டால் அவள் வந்துவிடுவாள். தானாக வருகிறாளா இல்லையா என்பதுதானே கணக்கு.

வியாழக்கிழமை மாலை நான்கு மணிக்கு, வழக்கம்போல், திங்கட்கிழமை சீட்டு வாங்கியவர்களின் பெயர்களை எடுத்தேன். இருபத்திரண்டு பேர். இருவர் திரும்பி வந்திருந்தார்கள். மற்றவர்களுக்கு டிக் போட்டேன். அவள் பெயருக்கும் போட்டேன். போடும்போது கொஞ்சம் சந்தோஷமாக இருந்தது என்பதையும் மறைக்க வேண்டாம். வெறும் தேர்வு பயம்தான், மகளுக்கு ஒன்றும் இல்லை என்று. நாலரைக்குப் பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. காலையில் அறைத்தோழி அவளை வண்டியில் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறாள். குடல்வால் வெடித்து ஒரு நாளுக்கு மேல் ஆகியிருந்தது. மூன்று மணிக்கே எல்லாம் முடிந்துவிட்டது. நான் டிக் போட்டபோது அவள் இல்லை.

ஆஸ்பத்திரி நடைவழியில் அவள் அம்மா என் சட்டையைப் பிடித்துக்கொண்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "உங்ககிட்ட வந்தாளா?"

"இல்லையே" என்றேன்.

அது வாயில் தானாக வந்தது. வந்த பிறகு அதையே பிடித்துக்கொள்ள வேண்டியதாயிற்று. பதிவேட்டில் அவள் பெயர் இல்லை. அதை நான் திருத்த வேண்டியிருக்கவில்லை. விடுதியில் அவள் பொருட்களை என்னிடம் ஒப்படைத்தபோது, பாடப் புத்தகம் ஒன்றில் அந்தச் சீட்டு இருந்தது. அதைக் கிழித்துக் கழிவறையில் போட்டுத் தண்ணீர் ஊற்றினேன். இரண்டு வாளி தேவைப்பட்டது.

உங்கள் விசாரணையில் அறைத்தோழி உண்மையைத்தான் சொன்னாள். என் மகள் மருத்துவமனைக்குப் போனாள், சீட்டோடு திரும்பி வந்தாள், செவ்வாயும் புதனும் மறுபடி போகலாம் என்று அழைத்தும் வரவில்லை என்றாள். என் மகள் சொன்னதாக அவள் ஒன்று சொன்னாள், ஞாபகம் இருக்கிறதா? "மூணு நாள்னா மூணு நாள்டீ. நடுவுல போனா அப்பாவோட கணக்குத் தப்பாயிடும்." வலியில் சுருண்டு படுத்துக்கொண்டு சிரித்தாளாம்.

நீங்கள் என்னைத் திரும்பிப் பார்த்தீர்கள். நான் சொன்னது உங்கள் குறிப்பிலேயே இருக்கும். இந்தப் பெண்ணும் நாடகத் துறைதான், வசனம் நன்றாக அமைப்பார்கள், பாவம், பயத்தில் சொல்கிறாள், அவளைக் கடிந்துகொள்ள வேண்டாம் என்றேன். உங்களில் மூத்தவர் தலையை ஆட்டினார். இன்னொருவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு எழுதினார். அறைத்தோழி என்னைப் பார்த்தாள். அவள் ஒன்றும் பேசவில்லை. பேசினால் அதுவும் வசனமாகிவிடும் என்று அவளுக்குப் புரிந்திருக்க வேண்டும். அந்த அறையில் என் பட்டியல் இல்லை. நீங்கள் யாரும் அதைப் பார்த்ததும் இல்லை. இருந்தாலும் நீங்களும் அதே கட்டத்தில்தான் அவளைப் போட்டீர்கள்.

கூட இருந்தவள் கவனிக்கத் தவறினாள், விசாரணையில் பொய் சொன்னாள் என்று அறிக்கை வந்தது. ஒரு வருடம் அவளை நீக்கி வைத்தீர்கள். அவள் திரும்ப வரப்போவதில்லை என்று கேள்வி. அவளுடைய தகப்பனார் பெட்டி படுக்கையை எடுக்க வந்தார். ஓட்டுநர் வேலை பார்ப்பவர். விடுதியில் விசாரித்துக்கொண்டு நேராக என் மேசைக்கு வந்தார். வரிசையில் நின்றுதான் வந்தார்.

"அண்ணே, என் பொண்ணு கொஞ்சம் முன்னாடியே சுதாரிச்சிருந்தா உங்க பொண்ணு இருந்திருக்கும். மன்னிச்சிருங்கண்ணே."

அவர் கை என் மேசைமேல் இருந்தது. அதன்மேல் என் கையை வைத்து, பரவாயில்லை, சின்னப் பிள்ளைதானே என்றேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார். அடுத்த ஆளைக் கூப்பிட்டேன்.

நான் இதை எழுதுவது மன்னிப்புக் கேட்பதற்காக அல்ல. அந்தப் பெண்ணைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளுங்கள். வருவாளா என்பது அவள் பாடு. மருத்துவரம்மாவை விட்டுவிடுங்கள். என் மகளின் அம்மாவிடம் நீங்களே சொல்லிவிடுங்கள், என்னால் ஆகாது. அவள் இன்னமும் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும், நம்மகிட்ட வந்திருக்கலாமே என்றுதான் புலம்புகிறாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து ஆமாம் ஆமாம் என்கிறேன்.

என் மகளை மருத்துவரிடம் அனுப்பாமல் திருப்பி அனுப்பியது நான். அது தெரிந்தும் மறைத்தது நான். இன்னொருவர் பிள்ளைமேல் பழியைப் போட்டது நான். இதில் மாற்றமில்லை.

ஆனால் பட்டியலைப் பற்றி நீங்கள் அவசரப்பட்டு எதுவும் முடிவு செய்துவிடக் கூடாது. நேற்று உட்கார்ந்து முழுவதையும் மறுபடி பார்த்தேன். என் மகளின் டிக்கை அழித்துவிட்டுத் தவறு என்று போட்டேன். சட்டத் துறைப் பையனை அப்படியே விட்டேன். அவன் எதனால் போனான் என்று எனக்குத் தெரியாது. மொத்தம் ஆயிரத்து இருநூற்று எண்பத்து நான்கு பேர். தவறாகப் போனவர்கள் எழுபத்தேழாக இருந்தார்கள், இப்போது எழுபத்தெட்டு. நூற்றுக்கு எத்தனை சரி என்று இரண்டு தடவை வகுத்துப் பார்த்தேன். தொண்ணூற்று நான்கு வருகிறது. அவளைச் சேர்ப்பதற்கு முன்பும் அதுதான்.