கொக்கு அண்ணனின் மதகு

மேடையில் அமர்ந்திருக்கும் பறவைக் காப்பக இயக்குநர் அவர்களே, முன்வரிசையில் இருக்கும் அண்ணி அவர்களே, காலில் சேறு காயும் முன்பே ஓடிவந்திருக்கும் என் சக ஊழியர்களே! துயரத்தோடு உங்கள் எல்லோரையும் வணங்குகிறேன்.

நான் பார்வையாளர்களுக்கு வழிகாட்டுகிறவன், பேச்சுக்குப் பஞ்சமில்லை. இன்று மட்டும் கண் ஜன்னல் பக்கமே ஓடுகிறது, மன்னியுங்கள். வெளியே மழை வலுத்துக்கொண்டே இருக்கிறது.

நம் மூத்த காவலர், நம் கொக்கு அண்ணன்! நெடுநெடுவென்ற கால்களால் வந்த பெயர் அது, வைத்தவன் நான்தான். கோபித்துக்கொண்டாரா? இல்லை. "கொக்குன்னா சும்மா நிக்கும்டா, எனக்கு ஏது நேரம்?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

எத்தனை பருவங்கள்! பூநாரை பார்க்க வந்த ஒருவர், பார்வை மாடத்தில் நின்று, "வெறும் சேறா இருக்கு! இதைப் பாக்கவா இவ்வளவு தூரம் வந்தோம்?" என்று குதித்தார். அண்ணன் அசரவில்லை. "சேறு இருக்குறதாலதான் சார் அதுங்க வருது. நீங்க கத்துறதாலதான் இன்னும் வரல." புகார் போனது. இயக்குநர் அவர்களே, அன்று நீங்கள் திட்டிய திட்டு இந்தக் கூடம் முழுக்கக் கேட்டது. அதை வாங்கிக்கொண்டு வெளியே வந்தவர் நேராக எங்கே போனார்? மதகுக்கு!

மதகுதான் அவர் உயிர். நெடுங்கால் உள்ளான்கள் மரத்தில் கூடு கட்டுவதில்லை. நீர் நடுவே தெரியும் மண்மேட்டில், தரையிலேயே முட்டையிடுகின்றன. மழையில் நீர் ஏறினால் மேடு மூழ்கும். மதகுப் பலகைகளை உருவினால்தான் நீர் வடியும். மகள் கல்யாணத்தில் படம் எடுக்க நிற்கவைத்தபோது இடி இடித்தது. படத்தில் அவர் இல்லை! "மழை வந்தா அவரு என் புருஷனே இல்ல" என்று அண்ணி எத்தனை முறை அலுத்துக்கொண்டிருக்கிறார்!

அந்த வேலையை இனி யார் செய்வது? அவர் போன நாளிலிருந்து கேட்கிறோம். "இரங்கல் கூட்டம் முடியட்டும், முறைப்படி ஆள் போடலாம்" என்கிறது அலுவலகம். முட்டைக்கு முறை தெரியுமா? குஞ்சு பொரிக்கும் நேரம் இது! இப்போது மதகில் யார் இருக்கிறார்கள்? ஒருவரும் இல்லை! எல்லோரும் அவரைப் புகழ இங்கே வந்துவிட்டோம். அவர் இல்லையே என்று அழக்கூட எனக்கு நிலைகொள்ளவில்லை.

அவருடைய பொறுமையைப் பற்றி இன்னும் ஒரு சம்பவம்... என்ன அண்ணி? சத்தமாகச் சொல்லுங்கள்.

"அவரைப் பத்திப் பேசினது போதும் தம்பி. பலகையை யாரு உருவுறது?"

கேட்டீர்களா! இயக்குநர் அவர்களே, நான் அனுமதி கேட்கவில்லை. மௌன அஞ்சலியை மதகடியில் நனைந்துகொண்டே செலுத்துவோம். அவர் பணியைத் தொடர்வோம் என்று உட்கார்ந்தபடி உறுதி சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பலகைகள் ஊறி உப்பியிருக்கும், நாலு பேராவது சேர்ந்து இழுக்க வேண்டும். எழுந்திருங்கள்!

அதோ, அண்ணி வாசலைத் தாண்டிவிட்டார். இன்னும் எதற்கு உட்கார்ந்திருக்கிறோம்?