மயிலை படுத்துக்கொள்கிறது

— மாட்ட எறக்காதீங்க சம்மந்தி. வண்டிப் பின்பலகைய மறுபடி தூக்கிப் பூட்டச் சொல்லுங்க. சீர் குடுத்தத திருப்பி வாங்கற வழக்கம் எங்க வூட்ல கெடயாது.

— மூங்கில்துறைப்பட்டுலேர்ந்து சின்னசேலம் வரைக்கும் குட்டியானை வண்டில நின்னுக்கினே வந்திருக்குது உன் மாடு. மொதல்ல எறக்கி தண்ணி காட்டு ராமசாமி. வழக்கத்த அப்பறம் பேசலாம்.

— சம்மந்தி போயி ராமசாமி ஆயிட்டனா. சரி. மாட்டுக்கு இன்னா கொற?

— படுத்துக்குது.

— மாடுனா படுக்காதா?

— நான் இன்னா சொல்றேன், கேட்டுட்டு பேசு. மில்லு வாசல்ல கரும்பு வண்டிங்க வரிசையா நிக்குது. நடு ரோட்ல காலை மடிச்சி படுத்துக்குது. பின்னால டிராக்டர்காரனுங்க எல்லாம் ஹாரன் அடிக்கிறான். இந்த செல்லமுத்து வூட்டு வண்டினா ஒதுங்கி வழி விட்ட பசங்க, இப்ப போன்ல படம் புடிச்சி சிரிக்கிறானுங்க.

— பாரம் ஜாஸ்தி ஏத்தியிருப்பீங்க.

— காலி வண்டிலயும் படுக்குதுயா. கொட்டாயில தீனி தின்னுக்கினு இருக்கச்சயே படுக்குது. என் புள்ள செழியன் சாட்டைய எடுத்தான்னா போதும், மேல படவே வேணாம். முட்டிய மடிக்கும், தாடைய தரையில வைக்கும், மூஞ்ச அப்படியே சுவத்து பக்கம் திருப்பிக்கும். என் வூட்டுக்காரி பாப்பாத்தி போனா எழுந்து நிக்குது. அவன் நெழலு தெரிஞ்சா விழுது.

— இங்க இருந்த வரைக்கும் ஒரு நாளும் படுத்தது இல்ல. வெள்ளிமலைலேர்ந்து சாமை மூட்டைங்க ஜீப்புல எறங்கும். அடிவாரத்துலேர்ந்து இந்த ஊரு வரைக்கும் இழுத்துக்கினு வந்தது இந்த மயிலைதான். மழையில, சேத்துல. ஊரே சொல்லும்.

— அப்ப உள்ள ஒளிஞ்சிக்கினு இருந்த குணம் இப்ப வெளிய வந்திருக்குது. மாட்டுத் தரகரு வந்து பாத்தாரு. அடிவயித்துல, மயிரு மறைவுல ஒரு சுழி இருக்குதாம். அந்த சுழி இருந்தா மாடு படுக்குமாம். பொறவிலயே அப்படி.

— அதே தரகரதான பொண்ணு பாக்க வந்த அன்னிக்கும் கூட்டிக்கினு வந்தீங்க? உள்ள எம் பொண்ணுக்கு ஜாதகம் பாத்தீங்க, வெளிய மாட்டுக்கு சுழி பாத்தீங்க. ரெண்டும் சுத்தம்னு சொன்னப்பறம்தான் தட்டு மாத்துனோம்.

— ரெண்டுமே தப்பா போயிடுச்சி. அதத்தான் சொல்ல வந்தேன்.

— எம் பொண்ண இதுல இழுக்காதீங்க.

— ஏன் இழுக்கக் கூடாது? ஆடிக்கு தாய் வூட்டுக்கு வந்தவ, ஆவணியும் முடியப் போவுது. உன் மருமவ எங்கன்னு ஊர்ல பாப்பாத்திய கேக்கறாங்க. நான் மாட்ட விட்டுட்டு போவ மட்டும் வரல ராமசாமி. மாட்ட எறக்கிட்டு, இதே வண்டில இலக்கியாவ ஏத்திக்கினு போவப் போறேன். இன்னிக்கே.

— அனுப்ப மாட்டேன்னு நான் எங்க சொன்னேன்? கள்ளக்குறிச்சில பி.எட். பரீட்சை இருக்குதுன்னு இருந்தா. இலக்கியா, உன் துணிமணிய எடுத்து வைம்மா.

— வைக்கல அப்பா.

— பரீட்சை முடிஞ்சிடுச்சே.

— முடிஞ்சிடுச்சி.

— கேட்டியா. அதிர்ந்து பேசாத பொண்ணுன்னு சொல்லி கட்டி குடுத்த. என் வூட்ல வந்து புருசனுக்கு எதுருல நின்னுக்கினு ஏன், எதுக்குன்னு கேக்குது. என் வூட்ல எந்தப் பொம்பளயும் ஏன்னு கேட்டது இல்ல. இதுவும் சுழிதான்யா. சேலையில மறைச்சி குடுத்துட்ட.

— சின்னப் பொண்ணு. நான் புத்தி சொல்லி அனுப்பறேன். ஆனா மாட்ட கெட்ட மாடுன்னு சொன்னா ஒத்துக்க மாட்டேன். எறக்குப்பா டிரைவரு, நான் பாக்கறேன். டேய் மயிலை. வா. இது இன்னா சம்மந்தி, முதுகு பூரா கோடு கோடா?

— அடங்காத மாட்ட மடில வச்சி கொஞ்சவா முடியும்?

— நான் வளத்த வரைக்கும் இது மேல ஒரு தழும்பு கெடயாது. தபாருங்க, தோலு பிஞ்சி ஈ மொய்க்குது. வாயில்லாத ஜீவன் சம்மந்தி. மனசு வருதா உங்களுக்கு?

— மாட்டுக்கு நல்லா பரிஞ்சி பேசறீங்க அப்பா.

— நீ சும்மா இரு. தபாருங்க சம்மந்தி, மாடு சுழியால கெடாது. கூட்டாளியால கெடும். நுகத்துல பக்கத்துல நிக்கிறது எப்படியோ இதுவும் அப்படி ஆவும். இவ பரீட்சைக்கு மனோதத்துவம்னு ஒண்ண சத்தமா படிச்சிக்கினு இருப்பா. தவுடு கலக்கிக்கினே நானும் கேட்டேன். அதுல இதத்தான் எழுதியிருக்குது. இலக்கியா, மாமாக்கு சொல்லு.

— பொட்டப்புள்ள புத்தகத்த வச்சி எனக்கு மாடு மேய்க்க சொல்லிக் குடுக்கப் போறியா?

— கேளுங்களேன். சொல்லும்மா.

— அதுல ரெண்டு கட்சி இருக்குது மாமா. ஒவ்வொருத்தருக்கும் உள்ளயே ஒரு குணம் நெலையா இருக்குது, கோவக்காரன், சாது, பயந்தவன்னு அளந்து சொல்லிடலாம், எங்க போனாலும் அவன் அப்படித்தான் இருப்பான்னு ஒரு கட்சி சொல்லுது.

— அதான் சுழி. இத தெரிஞ்சிக்க காலேஜுக்கு போவணுமா? எங்க வம்சமே கோவக்கார வம்சம். எங்கப்பா, நான், இப்ப செழியன். ரத்தத்துல ஓடுது. யாரும் ஒண்ணும் பண்ண முடியாது.

— கரும்பு வெட்ட உத்தரவு குடுக்காம மில்லுல இழுத்தடிச்சாங்களே, அப்ப உங்க புள்ள ஆபீசர் முன்னால கைய கட்டிக்கினு நின்னாரு. சிரிச்சிக்கினே நின்னாரு. அந்த ரத்தம் அங்க எங்க போச்சி மாமா?

— பாரு ராமசாமி. பாத்துக்க உன் சாதுவ.

— இலக்கியா, கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு. இன்னொரு கட்சி இன்னா சொல்லுது?

— அடுத்தவங்கள பாத்து கத்துக்கறோம்னு சொல்லுது. பாத்தா மட்டும் பத்தாது. அப்படி செஞ்சவங்களுக்கு அதனால இன்னா ஆச்சுன்னும் பாப்போம். அவங்களுக்கு நல்லதா முடிஞ்சா, நாமளும் அதையே செய்வோம். பெரியவங்க ஒரு பொம்மைய போட்டு அடிக்கறத கொழந்தைங்களுக்கு காட்டுனாங்களாம். அப்பறம் கொழந்தைங்கள அந்த பொம்மை கிட்ட விட்டா, அதே மாரி அடிச்சிதுங்களாம். திட்டுனது கூட அதே வார்த்தையாம்.

— பொம்மைய அடிச்சா யாருக்கு வலிக்கப் போவுது? வேல வெட்டி இல்லாதவனுங்க.

— மெதுவா பேசுங்க சம்மந்தி. தெருவே எட்டிப் பாக்குது.

— பாக்கட்டும். பாப்பாத்திக்கு எடது காது கேக்காது, எனக்கு கத்திப் பேசியே பழக்கம்.

— அத்தைக்கு எப்பலேர்ந்து கேக்கல மாமா?

— செழியன் சின்னப் புள்ளயா இருக்கச்சயே போச்சி. ஏன்?

— அது போன அன்னிக்கு அவரு பக்கத்துல இருந்தாரா?

— அவ இடுப்ப வுட்டு எறங்க மாட்டான் அவன். மாட்ட பத்தி பேசிக்கினு இருக்கச்ச காது எதுக்கு இப்ப? ராமசாமி, உம் பொண்ணு வாய மூடச் சொல்லு. கை நீட்டிடப் போறேன்.

— வூட்டுக்கு வந்து இப்படி பேசாதீங்க சம்மந்தி. இலக்கியா, நீ உள்ள போ.

— இங்கயே நிக்கிறேன் அப்பா.

— கூட்டாளியால கெடும்னு சொன்னனே சம்மந்தி, அதுக்கு நீங்க இன்னும் பதில் சொல்லல. மயிலைக்கு ஜோடியா கட்ற உங்க செவலை, அது படுக்குற மாடா?

— செவலையா? சாட்டைய தூக்குனா பறக்கும். எங்க தெருவுல, எங்க ஊர்ல, ஒரு மாடு படுக்கும்னு காட்டு. நான் இன்னா சொல்றேன், பாத்து கத்துக்கிச்சின்னு சொல்ற இல்ல? யார பாத்து? அதக் காட்டு. காட்டிட்டா மாட்ட நானே திருப்பி ஏத்திக்கினு போறேன், இந்த மீசையயும் எடுத்துடறேன். காட்ட முடியலன்னா சுழின்னு ஒத்துக்க. மாடு இங்க, பொண்ணு அங்க.

— செவலை படுக்காதா?

— படுக்காது.

— நீங்க பொய் சொல்ல மாட்டீங்க. மாட்டு விசயத்துல சொல்ல மாட்டீங்க.

— பதில் சொல்லு. யார பாத்து?

— தெரியல சம்மந்தி.

— சத்தமா சொல்லு. எட்டிப் பாக்குற தெருவுக்கும் கேக்கட்டும்.

— எனக்குத் தெரியல. சுழின்னே இருக்கட்டும். நான் பாக்காம குடுத்துட்டேன், எம் மேலதான் தப்பு. இலக்கியா, போயி பைய எடும்மா. பொழுதோட கெளம்புங்க. அங்க போயி யாரயும் எதுத்துக் கேக்காத. உங்கப்பன் தல குனிஞ்சி நிக்கிறான், பாத்துக்க.

— நீங்க தோக்கல அப்பா. சுழி எதுவும் இல்ல. மயிலை யார பாத்து கத்துக்கிச்சின்னு எனக்குத் தெரியும்.

— தெரிஞ்சிக்கினா இத்தினி நேரம் வாய மூடிக்கினு இருந்த?

— மாடு ஏன் படுக்குதுன்னு யோசிச்சீங்க. நான் ஏன் போவ மாட்டேங்கறேன்னு கேக்கவே இல்லியே அப்பா.

— சொல்லும்மா.

— அந்தக் கொட்டாயிலதான் அப்பா. அவரு சாட்டைய எடுத்துக்கினு வந்தா நான் முட்டி மடிச்சி கீழ படுத்துக்குவேன், மூஞ்ச சுவத்து பக்கம் திருப்பிக்குவேன். படுத்துட்டா விட்டுட்டு போயிடுவாரு. மயிலை எதுருல நின்னு தெனம் பாத்துக்கினு இருந்துச்சி.